சீருடையோடு வகுப்புக்கு வந்த பேராசிரியர்

கீபோர்டோ வயலினோ கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வண்டு பறப்பதைப் போல ஒலிக்கும் அந்த அதிவேக மேற்கத்திய இசைத் துண்டை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். அதை இயற்றியவர் நிகோலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவ். ரஷ்யக் கடற்படையில் அதிகாரியாக இருந்து, பின்னர் 30 ஆண்டுகளுக்கு மேல் இசை ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய வாழ்க்கையை இந்த இதழில் சுருக்கமாகப் பார்ப்போம்.

1844-ல் டிக்வின் என்ற சிறு ஊரில் பிறந்தார். கடல் அங்கிருந்து வெகு தூரம். ஆனால் அவரை விட 22 வயது மூத்த அண்ணன் வோயின் கடற்படையில் இருந்தார். அண்ணனின் பயணக் கதைகளும் படித்த புத்தகங்களும் சேர்ந்து, கடலைப் பார்ப்பதற்கு முன்பே சிறுவனுக்குக் கடல் மீது ஆசையை உண்டாக்கின. ஆறு வயதில் பியானோ பாடம் தொடங்கியது என்றாலும் அதில் அப்போது பெரிய ஈடுபாடு இல்லை. 12 வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தார்.

அந்த நகரத்தில்தான் இசை அவரைப் பிடித்துக்கொண்டது. 1861-ல் அவருடைய பியானோ ஆசிரியர் அவரை பாலகிரெவ் என்ற இசையமைப்பாளரிடம் அழைத்துப் போனார். பாலகிரெவைச் சுற்றி ஒரு சிறு குழு இருந்தது. அதில் குய் ராணுவப் பொறியாளர், முசோர்க்ஸ்கி முன்னாள் ராணுவ அதிகாரி. சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த போரோடின் வேதியியல் பேராசிரியர். ஒருவரும் இசைக் கல்லூரிப் படியை மிதித்துப் படித்தவர்கள் அல்லர். எழுதிப் பார்ப்பதும், வாசித்துக் காட்டுவதும், பாலகிரெவ் சொல்லும் திருத்தங்களைக் கேட்பதும்தான் படிப்பு.

1862-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் 'அல்மாஸ்' என்ற கப்பலில் அனுப்பப்பட்டார். இரண்டு வருடம் எட்டு மாதம் கடல் வாசம். இங்கிலாந்து, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அமெரிக்கா, பிரேசில் என்று கப்பல் சுற்றியது. தொடங்கி வைத்திருந்த முதல் சிம்பொனியின் ஒரு பகுதியை இங்கிலாந்தில் இருந்தபோது எழுதி, தபாலில் பாலகிரெவுக்கு அனுப்பினார். நாளாக ஆக இசை ஆர்வம் மங்கிப்போனது. 1865-ல் திரும்பி வந்தபின் பாலகிரெவின் தூண்டுதலால்தான் அது மறுபடி துளிர்த்தது. அவ்வருட இறுதியில் அந்த சிம்பொனி அரங்கேறியது. கைதட்டலை ஏற்க மேடைக்கு வந்தவர் கடற்படைச் சீருடையில் நின்ற 21 வயது இளைஞர்! சபையோர் வியந்தார்கள்.

கரையில் அவருக்கு இருந்தது தினம் இரண்டு மூன்று மணி நேர அலுவலக எழுத்து வேலை. மிச்ச நேரமெல்லாம் இசைக்கு. இப்படி இருந்தவருக்கு 1871-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் பேராசிரியர் பதவி தேடி வந்தது. அப்போது வயது 27.

இங்கேதான் சிக்கல். நம் வழக்கில் சொன்னால், கீர்த்தனை அருமையாகப் பாடுவார். ராக லட்சணம் கேட்டால் சொல்லத் தெரியாது. சுரக்கூட்டுகளின் பெயர்கள், பல குரல்களைப் பின்னும் விதிகள் எதையும் முறையாகப் படித்ததில்லை. பதவியை ஏற்றார், ஆனால் அதோடு விடவில்லை. மாணவர்களுக்கு ஒரு படி முன்னால் இருக்க வேண்டும் என்று இரவும் பகலும் பாடப் புத்தகங்களோடு உட்கார்ந்தார். சொந்தப் படைப்புகளைப் பெரும்பாலும் ஓரம் கட்டிவிட்டு, சில வருடங்கள் பயிற்சிகளையே எழுதித் தள்ளினார். தான் எழுதியவற்றைச் சைகோவ்ஸ்கிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். பேராசிரியர் ஒருவர் மாணவரைப் போல வீட்டுப்பாடம் செய்வதைப் பழைய நண்பர்களில் சிலர் ரசிக்கவில்லை. அவர் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், ஆரம்பத்தில் தனக்கு என்னவெல்லாம் தெரியாது என்பதை ஒளிக்காமல் பட்டியலே போட்டிருக்கிறார்.

முதல் சில ஆண்டுகள் அவர் இன்னும் கடற்படை அதிகாரி. அதனால் வகுப்புக்கும் சீருடையில்தான் வந்தார். 1873-ல் கடற்படை பேண்டு வாத்தியக் குழுக்களுக்கு மேற்பார்வையாளர் என்ற புதிய பதவி கிடைத்ததும் சீருடையைக் கழற்றினார். ஊர் ஊராகப் போய்க் குழுக்களைச் சோதித்தார். சும்மா குறை சொல்லிவிட்டு வராமல், புல்லாங்குழல், கிளாரினெட், டிராம்போன் ஆகியவற்றைத் தானே வாசித்துப் பழகினார். எந்த வாத்தியம் எங்கே எப்படி ஒலிக்கும் என்ற அறிவு அவருக்கு அப்படி வந்தது. 1888-ல் எழுதிய 'ஷெஹெரசாட்' இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. சிந்துபாத்தின் கப்பலும் கடலும் அதில் வருகின்றன. 'சாட்கோ' என்ற இசை நாடகத்தில் நம் இந்தியாவிலிருந்து வந்த வணிகர் ஒருவர் பாடும் பாடலும் புகழ் பெற்றது. மொத்தம் 15 இசை நாடகங்கள் எழுதியிருக்கிறார்.

இதற்கிடையே இறந்துபோன நண்பர்களின் வேலையையும் சுமந்தார். முசோர்க்ஸ்கி, போரோடின் இருவரும் முடிக்காமல் விட்ட பெரிய படைப்புகளை ஒழுங்குபடுத்தி மேடையேற வழி செய்தார். போரோடினின் படைப்புக்கு மாணவர் கிளாசுனோவ் துணை நின்றார். முசோர்க்ஸ்கியை அளவுக்கு மீறித் திருத்திவிட்டார் என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது, அது நியாயமானதே. ஆனாலும் அவர் கை வைக்காவிட்டால் அவை வெகு காலம் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

1905-ல் அவருக்கு வயது 60. ஜனவரியில் தலைநகரில் ஊர்வலம் வந்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. கல்லூரிகள் கொந்தளித்தன, இசைக் கல்லூரி உட்பட. நிர்வாகம் சுமார் 100 மாணவர்களை வெளியேற்றியது. ரிம்ஸ்கி-கோர்சகோவ் மாணவர் பக்கம் நின்று பத்திரிகையில் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். விளைவு, 34 வருட சேவைக்குப் பின் பதவி நீக்கம். அவருடைய இசையை நிகழ்த்தவும் சிறிது காலம் போலீஸ் தடை விதித்தது. அவருக்காக கிளாசுனோவும் லியாதோவும் ராஜினாமா செய்தார்கள். இருவருமே அவரிடம் படித்தவர்கள். லியாதோவ் மாணவப் பருவத்தில் வகுப்புக்கு ஒழுங்காக வராததால் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர் என்பது சுவையான செய்தி. நூற்றுக்கணக்கான மாணவர்களும் வெளியேறினார்கள். பெரியவர் வீட்டிலேயே பாடம் நடத்தினார். டிசம்பரில் கிளாசுனோவே கல்லூரி இயக்குநரானார். ஆசிரியர் மீண்டும் பணிக்கு வந்தார்.

1908-ல் காலமானார். தனியாக அவரிடம் பாடம் கேட்ட ஸ்ட்ராவின்ஸ்கி, வகுப்பில் படித்த புரோகோபியெவ் இருவரும் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றார்கள். 1944 முதல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

தகுதிக்கு முன்பே பதவி கிடைப்பது பலருக்கு நேர்வதுதான். கிடைத்த நாற்காலிக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொண்டவர்கள் குறைவு. தேவைப்பட்டபோது மாணவர்களுக்காக அதே நாற்காலியை இழக்கத் துணிந்தவர்கள் இன்னும் குறைவு. இரண்டையும் செய்தவர் இவர். அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்த வண்டு இசையை வாசித்தால், இந்தக் கதையையும் சொல்லுங்கள்.