சாணம் வீசியும் நிற்காத பாடம்

மராட்டிய மாநிலம் சதாரா மாவட்டத்தில் உள்ள கிராமம் நைகாவ். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1831-ம் ஆண்டு ஜனவரி 3-ந்தேதி சாவித்திரிபாய் பிறந்தார்.

பெண் படித்தால் குடும்பம் கெட்டுப் போகும் என்று நம்பிய காலம் அது. சாவித்திரிபாயும் எழுத்து அறியாமலே வளர்ந்தார். 1840-ல், 9 வயதில், அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஜோதிராவ் புலேக்கு வயது 13.

கணவரே ஆசிரியர்

ஜோதிராவ் படித்தவர். தான் கற்றதை மனைவிக்கும் கற்றுக்கொடுத்தார். பிறகு அகமதுநகரிலும் (இன்றைய அகில்யாநகர்) புனேயிலும் சாவித்திரிபாய் ஆசிரியர் பயிற்சி பெற்றார்.

1848-ல் புனேயில் பிடே வாடா என்ற கட்டிடத்தில் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. அதன் ஆசிரியை சாவித்திரிபாய். அப்போது அவருக்கு 17 வயது.

கையில் இன்னொரு சேலை

வகுப்பறையில் அவருக்குத் தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் தெருவில்தான். பள்ளிக்கு நடந்து போகும்போது வழியில் நின்று திட்டினார்கள். சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். அவர் யாரோடும் சண்டைக்கு நிற்கவில்லை. இன்னொரு சேலையைக் கையோடு எடுத்துச் சென்றார். பள்ளிக்குப் போனதும் அழுக்குச் சேலையை மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். மறுநாளும் அதே தெரு வழியாகவே நடந்தார்.

எதிர்ப்பு வீட்டுக்குள்ளும் வந்தது. ஊராரின் பேச்சுக்கு அஞ்சிய மாமனார், பள்ளியை விடுங்கள் அல்லது வீட்டை விடுங்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டார். 1849-ல் கணவனும் மனைவியும் வீட்டை விட்டார்கள், பள்ளியை விடவில்லை. பாத்திமா ஷேக் என்ற பெண்மணி அவர்கள் பணிக்குத் துணை நின்றார்.

சிறுமியின் கட்டுரை

அடுத்த சில ஆண்டுகளில் மேலும் பள்ளிகள் தோன்றின. பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூட உரிமை இல்லாத மகார், மாங் சாதிப் பிள்ளைகளும் பலகை பிடித்து எழுதினார்கள்.

அவர்களில் ஒருத்தி முக்தாபாய் என்ற மாங் சிறுமி. தன் மக்கள் படும் துன்பத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855-ல் 'ஞானோதயா' என்ற மராத்திப் பத்திரிகையில் வெளியானது. படிக்கவே கூடாது என்று தள்ளி வைக்கப்பட்ட வீட்டுப் பெண், சமுதாயத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். அந்தப் பள்ளி எதற்காகத் தொடங்கியதோ, அது அன்றே நிறைவேறியது.

விதவைகளுக்குப் புகலிடம்

கர்ப்பமுற்ற விதவைகள் ஊர்ப் பழிக்கு அஞ்சி உயிரை விட்ட நாட்கள் அவை. அவர்கள் பிள்ளை பெற 1863-ல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அப்படி ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த குழந்தையைப் புலே தம்பதியர் தத்து எடுத்தார்கள். யஷ்வந்த் என்று பெயரிட்டு மருத்துவராக்கினார்கள்.

1890-ல் ஜோதிராவ் காலமானார். இறுதி ஊர்வலத்தில் கொள்ளிச்சட்டியைச் சாவித்திரிபாயே ஏந்திச் சென்றார். பெண்கள் செய்யக்கூடாது என்றிருந்த வழக்கத்தை அங்கேயும் அவர் பொருட்படுத்தவில்லை.

கடைசிப் பணி

1897-ல் புனேயைப் பிளேக் நோய் தாக்கியது. மகன் நடத்திய சிகிச்சை முகாமுக்கு, நோய் கண்ட ஒரு மகார் சிறுவனைச் சாவித்திரிபாய் தானே சுமந்து வந்தார். அவரையும் நோய் பற்றியது. மார்ச் 10-ந்தேதி உயிர் பிரிந்தது. வயது 66.

2014-ல் புனே பல்கலைக்கழகத்துக்கு சாவித்திரிபாய் புலே பெயர் சூட்டப்பட்டது. எழுத்து அறியாமல் வாழ வந்த பெண்ணின் பெயரைத்தான் இன்று அந்த ஊர் மாணவர்களின் பட்டங்கள் தாங்கி வருகின்றன.