அரசு மறைந்தது, ஆலயம் நின்றது: சர்தனாவை ஆண்ட பேகம் சம்ருவின் வாழ்க்கை

உத்தரப் பிரதேச மாநிலம் மீரட் அருகே உள்ள சர்தனாவில், இரட்டைக் கோபுரங்களும் குவிமாடங்களும் கொண்ட அருள் அன்னை பேராலயம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் மாதத் திருவிழாவுக்குப் பல சமயத்தவரும் இங்கு திரள்கின்றனர். இதை எழுப்பியவர் ஐரோப்பாவிலிருந்து வந்த மறைப்பணியாளர் அல்லர். முகலாயப் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலத்தில் சொந்தப் படையுடன் ஒரு ஜாகிரை ஆண்ட பேகம் சம்ருதான் அவர்.

ஃபர்சானா என்ற இயற்பெயருடைய அவர், இளம் வயதில் டெல்லியில் நடன மங்கையாக வாழ்ந்தார். ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவரான வால்டர் ரைன்ஹார்ட் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். இருண்ட முகத்தோற்றத்தால் ரைன்ஹார்ட்டுக்குக் கிடைத்த சோம்ப்ர் என்ற பட்டப்பெயரே மக்கள் நாவில் சம்ரு ஆயிற்று. பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் அவருக்குச் சர்தனாவை ஜாகிராக வழங்கினார். 1778-ல் ரைன்ஹார்ட் ஆக்ராவில் இறந்தபோது, முதல் மனைவி வழியில் அவருக்கு ஒரு மகன் இருந்தார். ஆயினும் படையினர் தலைமையேற்க அழைத்தது பேகத்தைத்தான்.

1781 மே மாதம் ஆக்ராவில் அவர் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று யோவன்னா ஆனார். ஐரோப்பிய அதிகாரிகள் நிறைந்த படையைக் கட்டிக்காக்க இது உதவியிருக்கலாம். ஆனால், அரசியல் கணக்கு ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. அடுத்த 55 ஆண்டுகளில் எத்தனையோ முறை கூட்டணி மாறிய அவர், சமயத்தை மட்டும் மாற்றவில்லை. அதே வேளையில் தலைப்பாகையும் ஹுக்காவும் முகலாய அரசவை நடைமுறைகளும் கடைசி வரை அவருடன் இருந்தன.

1788-ல் கோகுல்கர் முற்றுகையின்போது எதிரிகளிடம் சிக்கவிருந்த ஷா ஆலமை, பல்லக்கில் அமர்ந்தபடியே படை நடத்திச் சென்று மீட்டார். பேரரசர் அவரைத் தம் அன்பு மகளாகப் போற்றினார்.

அந்தப் புகழை ஏறக்குறைய அழித்தது ஒரு திருமணம். 1793-ல் தம் படையில் பணியாற்றிய லெவசூல்ட் என்ற பிரெஞ்சு அதிகாரியை அவர் இரகசியமாக மணந்தார். கணவர் என்பதை அறியாத படையினருக்கு லெவசூல்ட்டின் அதிகாரம் உறுத்தியது. தம்மை உயர்ந்தவராகக் கருதிய அவர், மற்ற அதிகாரிகளுடன் உணவருந்தவும் மறுத்தார். 1795-ல் கலகம் வெடித்தது. இருவரும் ஆங்கிலேயர் பகுதியை நோக்கி இரவோடு இரவாகத் தப்பினர். உயிருடன் பிடிபடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்தனர். துரத்தி வந்தவர்கள் நெருங்கியதும் பல்லக்கில் இருந்த பேகம் தம்மைக் கத்தியால் குத்திக்கொண்டார். இரத்தம் தோய்ந்த துணியைக் கண்ட லெவசூல்ட் துப்பாக்கியால் தம்மைச் சுட்டு மாண்டார். பேகம் பிழைத்தார். கணவரை ஒழிக்க அவர் நடத்திய நாடகம் இது என்ற ஐயத்தைச் சிலர் எழுப்பினர். அது இன்றும் முற்றாகத் தீரவில்லை.

சர்தனாவுக்கு இழுத்து வரப்பட்ட அவர் பீரங்கியில் கட்டப்பட்டுப் பல நாள் வதைக்கப்பட்டார். ரைன்ஹார்ட்டின் மகன் ஜாஃபர்யாப் கான் ஆட்சியில் அமர்த்தப்பட்டார். முன்பு பேகத்தின் படையில் இருந்து மனத்தாங்கலுடன் விலகிய அயர்லாந்துக்காரர் ஜார்ஜ் தாமஸ்தான் உதவிக்கு வந்து ஆட்சியை மீட்டுத் தந்தார். அதன்பின் பேகம் மறுமணம் செய்யவில்லை. சம்ரு என்ற பெயரையே சுமந்தார்.

1803-ல் அசாயே போரில் அவரது படைகள் மராத்தியர் பக்கம் நின்றன. மராத்தியர் தோற்றதும் ஆங்கிலேயருடன் உடன்பாடு கண்டார். வாழ்நாள் முழுவதும் சர்தனா அவருடையது. மறைவுக்குப் பின் கம்பெனிக்குச் செல்லும். தம் அரசுக்கு முடிவு நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்பதை அறிந்தே எஞ்சிய மூன்று பத்தாண்டுகளை அவர் ஆண்டார். கட்டடங்கள் பெரும்பாலும் இக்காலத்தில் எழுந்தவையே.

அவரது படையில் இருந்த இத்தாலியர் அந்தோனியோ ரெகெலினி ஆலயத்தை வடிவமைத்தார். 1822-ஐத் தன் கல்வெட்டில் தாங்கி நிற்கும் அந்த ஆலயத்துக்குச் சுமார் 4 லட்சம் ரூபாய் செலவாயிற்று. 1834-ல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி சர்தனாவைத் தனி மறைமாநிலப் பகுதியாக உயர்த்தி ஆயரையும் நியமித்தார். கத்தோலிக்கராயினும் கேன்டர்பரி பேராயருக்கும் அறப்பணிக்காகப் பெருந்தொகை அனுப்பினார் பேகம். இந்தக் கொடையாளிக்கு இன்னொரு முகமும் உண்டு. தீ வைத்த குற்றத்துக்காக அடிமைப் பெண்களை உயிருடன் புதைக்கச் செய்தார் என்ற செய்தி, ஐரோப்பியப் பயணிகளின் குறிப்புகளில் பல வடிவங்களில் காணப்படுகிறது.

பிள்ளைப்பேறு இல்லாத பேகம், தமக்கு எதிராக அரியணையேறிய அதே ஜாஃபர்யாப் கானின் மகளுக்கு மணமுடித்து வைத்தார். அப்பெண்ணின் மகன் டேவிட் ஆக்டர்லோனி டைஸைத் தம் பிள்ளையாகவே வளர்த்து, சோம்ப்ர் பெயரையும் செல்வத்தையும் அளித்தார். 1836 ஜனவரி 27 அன்று பேகம் காலமானதும் கம்பெனி சர்தனாவை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்து சென்ற டேவிட் 1841-ல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். லஞ்சப் புகாரால் அடுத்த ஆண்டே அத்தேர்தல் செல்லாததாயிற்று. பின்னர் மனநிலை பிறழ்ந்தவர் என அறிவிக்கப்பட்டு, அதை எதிர்த்துப் போராடியபடியே 1851-ல் லண்டனில் இறந்தார்.

பேகத்தின் கல்லறைக்காக ரோம் நகரச் சிற்பி அதாமோ தாதோலினி செதுக்கிய பளிங்குச் சிற்பத் தொகுதியை வரவழைத்தவரும் டேவிட்தான். அதன் உச்சியில், கையில் பேரரசரின் ஆணைச் சுருளுடன் பேகம் அரியணையில் வீற்றிருக்கிறார். 1961-ல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அந்த ஆலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார். டெல்லி சாந்தினி சௌக்கில் அவர் வாழ்ந்த மாளிகை இப்போது பகீரத் பேலஸ் என்ற பெயரில் மின்பொருள் சந்தையாக இயங்கி வருகிறது.