சாரலோடு வாழ்ந்த ரசிகர்

தேசத் தொண்டு என்றதும் சிறை சென்றவர்களையும் மேடையில் முழங்கியவர்களையுமே நாம் நினைத்துக் கொள்கிறோம். அது நியாயமே. ஆனால் விடுதலை பெறும் ஜனங்கள் எவ்விதம் வாழவேண்டும் என்ற கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார்.

தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1880-களின் தொடக்கத்தில் பிறந்தவர் டி.கே.சி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பின்னர் சட்டமும் தேறினார். ஆயினும் வக்கீல் தொழிலில் அவர் மனம் பற்றவில்லை. சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையக் கமிஷனராகவும் பணி புரிந்தார். இந்தப் பதவிகளால் அவரை இன்று யாரும் நினைவு கூர்வதில்லை.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடிக் கம்பனைச் சுவைத்தார்கள். வட்டத்தொட்டி என்று பெயர் பெற்ற அந்தச் சபைக்குச் சட்டதிட்டங்கள் இல்லை. கவிதையின்பால் அன்பு ஒன்றே அங்கே நுழைவுச் சீட்டு. பின்னர் அவர் குற்றாலத்திலேயே குடியேறினார். வட்டத்தொட்டியும் உடன் வந்தது. ராஜாஜியும் கல்கியும் அங்கே விருந்தினராயினர். அவரைக் குற்றால முனிவர் என்றே அன்பர்கள் அழைத்தனர்.

குற்றாலம் என்பது அருவி மட்டும் அன்று. அது ஒரு பருவம். ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று மலை தாண்டிச் சாரலைத் தூவுகிறது. காடு அந்த நீரை உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்ல விடுகிறது. அருவியாக விழும் சிற்றாறு தென்காசி வயல்களை நனைத்து, அணைகளாலும் கால்களாலும் குளங்களை நிரப்பி, சீவலப்பேரிக்கு அருகே தாமிரவருணியில் கலக்கிறது. மலையில் ஒரு மரம் விழுந்தால் கீழே ஒரு வயல் அறியும். அந்த மண்ணின் மேலகரத்துக் கவிஞரான திரிகூடராசப்பர் பாடிய குறவஞ்சியை டி.கே.சி. அந்த மண்ணிலேயே நண்பர்களுடன் அனுபவித்தார். வந்தவர்களுக்கு அருவி நீராட்டு, வயிறார விருந்து, பிறகு தமிழ். மகன் தீபனை இளவயதில் இழந்த பெருந்துயரிலும் அவர் வீட்டுக் கதவு அடைபடவில்லை.

இது வசதி படைத்தோர் பொழுதுபோக்கு அல்லவா என்று தேச ஊழியர் சிலர் கேட்கக்கூடும். அல்ல என்பதே நமது கருத்து. ஆற்று நீர், மலைக்காற்று, தாய்மொழிக் கவிதை ஆகிய மூன்றும் பொதுச் சொத்து. பகிர்ந்து கொண்டால் குறையாதவை. கல்வி தமிழில் அமைய வேண்டும் என்றும், இசை தமிழில் ஒலிக்க வேண்டும் என்றும் அவர் வாதாடியதன் காரணமும் இதுவே: சொந்த மண்ணில் உள்ள செல்வத்தைப் பாமர ஜனங்களும் அனுபவிக்க வேண்டும் என்பதுதான். கையருகே உள்ளதில் இன்பம் காண்பவனுக்குத் தேவைகள் குறைவு. அவனை அடிமைப்படுத்துவதும் கடினம்.

டி.கே.சி. காடு காக்கும் இயக்கம் எதையும் நடத்தியவர் அல்லர். ஆனால் ரசிக்கத் தெரிந்தவன் அழிக்க மாட்டான் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. 1954 பிப்ரவரி 16-ல் அவர் மறைந்தார். 2019-ல் தென்காசி தனி ஜில்லா ஆயிற்று. பருவந்தோறும் லட்சக்கணக்கானோர் குற்றாலத்துக்கு வருகிறார்கள். அவர்கள் விட்டுச் செல்வதோ பிளாஸ்டிக் குப்பை. அருவியில் எண்ணெயும் சோப்பும் கூடாது என்று 2014-ல் நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது. நாகரிக ஜனங்களுக்கு இது பெருமையா?

சட்டத்தால் காவல் போடலாம். அன்பை உண்டாக்க இயலாது. ஊர்தோறும் ஒரு முற்றமும், அதில் தம் ஆற்றையும் தம் கவியையும் அறிந்த நாலு பேரும் இருந்தால் போதும். காவல் தேவைப்படாது. அந்த முற்றங்களைத் திறப்பது ஊழியர்களின் கடமை.