வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

தமிழகத்தை விட்டு வந்து இக்காலனியில் குடியேறி வாழும் நம் குடும்பத்தினரை அயல்மொழி அன்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கே தங்க இடம் கிடைக்குமா என்பதே அது. ரெயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றும் எனக்கு இக்கேள்வி இரட்டிப்பாக வரும். காட்பாடி ஜங்ஷன் என்று சொல்லிச் சொல்லி என் வாய் பழகிவிட்டது. வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயாளிகளைத் தென்னாட்டுக்கு வரவழைக்கும் அவ்வாஸ்பத்திரியைப் பற்றிக் கேட்பவர் பலர். அதனை நிறுவிய அம்மையாரைப் பற்றிக் கேட்பவர் சிலரே. அச்சிலருள்ளும் பெரும்பாலோர் அவர் டாக்டரான கதையோடு நின்றுவிடுகின்றனர். தம் கையால் கட்டிய ஆஸ்பத்திரியைப் பலர் கூடியிருந்து நடத்தும் நிலையமாக அவர் மாற்றிக் கொடுத்த வரலாறு அதிகம் பேசப்படாதது. அதனை இம்மலரில் சற்று விரித்துச் சொல்ல விழைகிறேன்.

ஐடா ஸோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னையில் தொண்டாற்றிய வைத்திய மிஷனரி. தந்தையாரும் அதே பெயருடைய டாக்டரே. அக்குடும்பத்தில் மிஷனரியாவது குலத்தொழில் போல் இருந்தது. ஆனால் ஐடாவுக்கு அதில் நாட்டமில்லை. சிறுமியாயிருந்தபொழுது 1870-களின் பெரும் பஞ்சத்தில் மக்கள் பட்ட துயரத்தைக் கண்ணால் கண்டவர் அவர். அமெரிக்காவில் கல்வி கற்று அங்கேயே இனிதாக வாழ்வது என்பதே அவர் எண்ணம். தாயார் நோயுற்றமையால் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தார். சில காலம் உடனிருந்து திரும்பிவிடுவதாகவே வந்தார்.

அவ்வூரில் நிகழ்ந்ததைப் பலரும் அறிவர். ஒரே இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். முதலில் வந்தவர் பிராமணர், அடுத்தவர் இஸ்லாமியர், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடா தம் தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். அன்னிய ஆடவரை உள்ளே விடுவதற்கில்லை, நீங்களே வரவேண்டும் என்று மூவரும் கூறினர். அவரோ வைத்தியம் படியாதவர். பொழுது விடிந்ததும் மூன்று வீட்டிலும் சாவு என்ற செய்தி வந்தது. டாக்டராவது என அன்றே அவர் தீர்மானித்தார். பிலடெல்பியாவில் பெண்கள் வைத்தியக் கல்லூரியிலும், பின் நியூயார்க்கில் கார்னெல் கல்லூரியிலும் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். வேலூரில் பெண்களுக்கென ஓர் ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஷெல் என்னும் முதியவரான வங்கியாளர் தம் காலஞ்சென்ற மனைவியின் நினைவாக 10,000 டாலரை ஒருவராகவே அளித்தார்.

1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் வேலூருக்கு வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். தொழில் கற்றுக்கொடுக்க அருகில் ஒருவருமில்லை. பங்களாவில் ஓர் அறையே வைத்தியசாலையாயிற்று. வீட்டு ஊழியர் ஒருவரின் மனைவியான சலோமி என்பவரே துணைவராயினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. டாக்டர், அறுவை சிகிச்சையாளர், மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர், பணம் திரட்டுபவர் யாவும் அவரே. கிராமத்து ஆஸ்பத்திரிகள் எல்லாம் பெரும்பாலும் இவ்வாறே தொடங்குகின்றன. தொடங்கியவர் நோயுற்றாலோ ஊருக்குப் போனாலோ கதவு அடைபட்டுவிடும் நிலையும் அங்கே பெரும்பாலும் உண்டு. நம் நாட்டில் நல்லவர் ஒருவர் தோற்றுவித்து, அவரோடு மறைந்துபோன வைத்தியசாலைகளை எண்ணினால் கணக்கில் அடங்கா.

இந்த அபாயத்தை அம்மையார் விரைவிலேயே உணர்ந்தார் என்பதை அவர் செயல்களால் அறியலாம். 1909-இல் நர்ஸுகளுக்குப் பயிற்சி அளிக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. அதே காலத்தில் ஒரு சிறு பீஜோ மோட்டார் அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன் மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தவர், இப்பொழுது குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில் மோட்டாரில் புறப்பட்டார். அவ்வண்டியைக் கண்டு கிராமத்தார் முதலில் அஞ்சி ஓடினர். பிறகு அவர்களே குறித்த மரத்தடிகளில் நோயாளிகளைக் கிடத்திக் காத்திருக்கலாயினர். கிழமையும் இடமும் மாறாமல் வருவதே அத்தொண்டின் சிறப்பு. ரெயில் குறித்த நேரத்தில் வந்தால்தானே ஜனங்கள் ஸ்டேஷனுக்கு வருவார்கள்!

ஆனால் எத்தனை கிராமங்களுக்கு ஒரு பெண் டாக்டர் போக முடியும்? இந்தியப் பெண்களையே டாக்டர்களாக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. இதற்குத் தம் மிஷன் ஒன்றின் பணமும் ஆளும் போதா எனக் கண்டு, பல மிஷன்கள் கூடி நடத்தும் பள்ளியாக அதனை அமைக்க முயன்றார். சென்னை மாகாண அரசாங்கத்தின் வைத்தியத் தலைமை அதிகாரிக்கு இதில் நம்பிக்கையில்லை. நான்கைந்து பெண்கள்கூட முன்வர மாட்டார்கள் என்பது அவர் கருத்து. விண்ணப்பங்களோ 151 வந்தன. 1918 ஆகஸ்டில் பள்ளி திறக்கப்பட்டது. முதல் தொகுதியில் 14 மாணவியர் 1922-இல் படிப்பை முடித்து வெளிவந்தனர்.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி வருகிறது. கூட்டுப் பள்ளி என்றவுடன் அது அம்மையார் ஒருவருடையதாக இல்லாமற்போயிற்று. சேர்ந்துகொண்ட மிஷன்களின் பிரதிநிதிகள் அமர்ந்த ஓர் ஆட்சிக்குழு இந்தியாவில் ஏற்பட்டது. பணம் திரட்டும் சபைகள் கடல் கடந்த நாடுகளில் இருந்தன. பணம் கொடுப்பவர் ஓரிடம், வேலை நடப்பது ஓரிடம் என்றால் கருத்து வேற்றுமை வாராதிருக்குமா? ஒருவர் முடிவு செய்தால் ஒரு நாளில் முடியும் காரியம் குழுவில் ஓராண்டு இழுக்கும். விரைந்து செயலாற்றிப் பழகிய அம்மையாருக்கு இது கசப்பாகவே இருந்திருக்க வேண்டும். எனினும் அக்கட்டுக்குள் நின்றே அவர் உழைத்தார். 1920-களின் தொடக்கத்தில் லூசி பீபாடி என்னும் அமெரிக்க அம்மையாரின் முயற்சியால் ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்குப் பெருநிதி திரட்டப்பட்டது. 20 லட்சம் டாலர் சேர்த்தால் 10 லட்சம் தருவதாக ராக்பெல்லர் நிதியம் ஒன்று வாக்களித்து, அவ்வாறே தந்தது. அவ்வேழில் வேலூரும் ஒன்று. இப்பணம் பெண்களுக்கென்று பெண்கள் தந்த பணம். இதனைப் பின்வரும் செய்திக்காக வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பாகாயத்தில் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தில் கல்லூரி வளாகம் எழுந்தது. வேலூர் நகருக்குள் பெரிய ஆஸ்பத்திரியும் வளர்ந்தது. எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருக்கையில் 1938 வாக்கில் இடிபோல் ஓர் உத்தரவு வந்தது. எல்.எம்.பி. என்னும் பழைய வைத்தியப் படிப்பை ஒழித்து, பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டம் ஒன்றே இருக்கவேண்டும் எனச் சென்னை மாகாண அரசாங்கம் தீர்மானித்தது. நாட்டுக்கு நன்மை தரும் தீர்மானமே அது, குறை சொல்வதற்கில்லை. வேலூருக்கோ அது வாழ்வா சாவா என்ற கேள்வி. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், மிகுதியான படுக்கைகள், பரிசோதனைச் சாலைகள் எல்லாம் உடனே வேண்டும். இல்லையேல் பள்ளியை மூட வேண்டும். அம்மையாருக்கு அப்பொழுது வயது 67. ஓய்வை எண்ணும் பருவத்தில் மறுபடியும் மடியேந்தப் புறப்பட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். வேலூரிலோ, செங்கல்பட்டில் தொழுநோய்த் தொண்டு புரிந்துவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் முதல்வர் பொறுப்பை ஏற்று ஆசிரியர்களைச் சேர்த்தார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு அனுமதி கிடைத்தது.

பணமுடையைவிடக் கடுமையான சோதனை ஒன்று இக்காலத்திலேயே மூண்டது. ஆடவருக்கு ஒரு கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி வேண்டும் என்ற முயற்சி வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது. இரண்டு கல்லூரிகளைத் தாங்கும் வலிமை மிஷன்களுக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி, வேலூரில் ஆடவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற யோசனை வந்தது. பெண்களுக்கென நிதி கொடுத்த அமெரிக்க மாதர் பலர் இதனைத் துரோகமாகவே கருதினர். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆடவர் வந்தால் பெண்கள் பின்தள்ளப்படுவர் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. அம்மையாருக்கும் இது எளிதான முடிவன்று. பெண்கள் ஆஸ்பத்திரி, பெண்கள் கல்லூரி என்பவற்றுக்காகவே நாற்பதாண்டு உழைத்தவர் அவர். தம்மோடு இருபதாண்டுகளாகத் தோள் கொடுத்த தோழியரை ஒருபுறமும், கல்லூரியின் வாழ்வை மறுபுறமும் வைத்து எண்ணவேண்டிய நிலை. முடிவில் அவர் இணைப்பின் பக்கமே நின்றார். 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். பெண்கள் பின்தள்ளப்படவில்லை, இன்றும் அங்கே பயின்று வெளிவரும் டாக்டர்களுள் பெண்கள் நிறைய உண்டு.

நிறுவனர் எவருக்கும் இத்தகைய நாள் ஒன்று வரும் என்று நினைக்கிறேன். தாம் எதற்காகத் தொடங்கினோமோ அதனை உள்ளபடியே காப்பாற்றுவதா, அதன் பயன் நிலைக்குமாறு உருவத்தை மாற்றுவதா என்ற கேள்வி எழும். கூடியிருந்து முடிவு செய்யும் சபை ஒன்று இருந்தமையால் வேலூரில் இக்கேள்வி நேருக்கு நேர் விவாதிக்கப்பட்டது. அம்மையாரின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து வீணாகவில்லை. (நம் சங்கங்களில் தலைவர் மாறும்பொழுது கணக்குப் புத்தகமும் உடன் போய்விடுவதுண்டு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இம்மலரைத் தொகுத்த அன்பர்கள் கோபிக்க வேண்டா.)

1946-இல் அம்மையார் ஓய்வு பெற்றார். அவருடைய குடும்பத்தில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. அவர் பெயரையே தாங்கிய சகோதரர் மகள் வேலூரிலேயே கதிரியக்க வைத்தியத்தில் தேர்ந்த டாக்டர். ஆயினும் தலைமை குடும்பச் சொத்தாகச் செல்லவில்லை. நாடு சுதந்திரம் பெற்ற அக்காலத்தில் டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அப்பொறுப்புக்கு வந்தார். விசாகப்பட்டினத்தில் பிறந்தவர், டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியின் முதல்வராயிருந்து நிர்வாகத்தில் பழுத்தவர், வேலூருக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர். நிறுவனர் கண்ணெதிரே, அவர் உயிரோடிருக்கையிலேயே, அவருக்கு உறவல்லாத இந்தியப் பெண்மணி ஒருவர் அந்நாற்காலியில் அமர்ந்தார். 1949-இல் நரம்பு அறுவை சிகிச்சைக்கென இந்தியாவிலேயே முதல் துறை அங்கே தொடங்கிற்று. 1950-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிரந்தர இணைப்பும் கிடைத்தது. இவை யாவும் அம்மையார் தலைமை விட்டு இறங்கிய பின் நடந்தவை.

அம்மையார் கோடைக்கானலில் இருந்த தம் இல்லத்தில் ரோஜாச் செடிகளோடு முதுமையைக் கழித்தார். டென்னிஸ் ஆட்டத்தை அறுபது வயதைக் கடந்தும் விடவில்லை. அமெரிக்காவிலிருந்து எவரோ டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசமிட்டு அனுப்பிய கடிதம் சரியாக வந்து சேர்ந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. நம் தபால் இலாகாவுக்கும் அது பெருமைதான். 1960 மே மாதத்தில் கோடைக்கானலிலேயே அவர் காலமானார். 2000-ஆம் ஆண்டில், அவர் தொண்டு தொடங்கி நூறாண்டு நிறைந்ததை ஒட்டி, இந்திய அரசாங்கம் தபால் தலை வெளியிட்டது.

வேலூர் நிலையம் இன்றும் பல திருச்சபைகளின் பிரதிநிதிகள் அடங்கிய ஆட்சிக்குழுவின் கீழ் இயங்குகிறது. இயக்குநரை நியமிப்பது அக்குழுவே. திருச்சபைகளின் ஆதரவில் இடம் பெற்றுப் படிக்கும் மாணவர், தேறியபின் தம்மை அனுப்பிய சபை காட்டும் ஆஸ்பத்திரியில் இரண்டாண்டு பணி செய்தல் வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. அவ்வாஸ்பத்திரிகளுள் பல, டாக்டர் கிடைப்பதே அரிதான மூலை முடுக்குகளில் உள்ளவை. அங்கு போய்ச் சேரும் இளைஞர், ஒரு காலத்தில் அம்மையார் தனித்து நின்றதுபோலத் தனித்து நிற்பதில்லை. பின்னால் ஒரு கல்லூரியும் ஒரு குழுவும் இருக்கின்றன. அம்மையார் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பின், 1977-இல், கே.வி. குப்பம் வட்டாரத்துக் கிராமங்களுக்கென ஒரு தனிச் சுகாதாரப் பணியையும் அந்நிலையம் தொடங்கிற்று. கே.வி. குப்பம் இருப்பது, பீஜோ மோட்டார் ஓடிய அதே குடியாத்தம் சாலையில்.