நகை கொடுத்துக் கட்டிய பாலம்



திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. பெயரைக் கேட்டு நானும் யாரோ ஒரு பொம்பளை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஆண். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக வேலை பார்த்தவர். அப்போது நம்மாளுங்களுக்கு அது பெரிய உத்தியோகம்.

அந்தக் காலத்தில் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே பாலம் கிடையாது. படகில்தான் போக வேண்டும். சந்தைக்குப் போகிறவர், கைக்குழந்தைக்காரி, நோயாளி எல்லோரும் கரையில் காத்துக் கிடப்பார்கள். முந்தி ஏறச் சண்டையும் நடக்கும். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை.

கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட நினைத்தார். அதற்கு வரைபடம் போட்டார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் போல வளைவு வளைவாக 11 கண். செலவு சுமார் 50,000 ரூபாய். ஊர் மக்களிடம் வசூல் செய்யலாம் என்று பேச்சு வந்தது. ஏழைகள் தலையில் இந்தச் சுமை விழக் கூடாது என்று முதலியாருக்கு மனசு கேட்கவில்லை. செலவைத் தானே ஏற்றுக்கொண்டார்.

அவர் தயங்கியபோது மனைவி வடிவாம்பாள் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். 1840இல் வேலை தொடங்கியது. ஜெயில் கைதிகளும் கல், மண் சுமந்தார்கள். 1843இல் பாலம் திறந்தது. அதற்கப்புறம் எத்தனையோ வெள்ளம் வந்தது. நடுவில் சேதமானதைப் பழுது பார்த்து, பின்னால் அகலப்படுத்தி, இன்றைக்கும் பஸ் ஓடுகிறது.

இதைப் படித்தப்போ எனக்கு என் சங்கிலிதான் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதுசில் தறி வாங்க அதை அடகு வைத்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோவில் விசேஷத்துக்கு வெறும் கழுத்தோடு போனேன். வட்டி ஏறி, நாலு வருஷம் மூழ்காமல் காப்பாற்றினதே பெரும்பாடு. கடைசியில் குழுவில் கடன் வாங்கி நானே மீட்டேன். இப்போ வீட்டில் எந்தப் பொருள் அடகுக்குப் போனாலும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்கிறோம்.

வடிவாம்பாள் கொடுத்தது அவர் மனசார. அதனால்தான் அது பெருமை. கேட்காமல் எடுத்தால் அது கண்ணீர்தான்.

பாலத்துக்குப் பெயர் முதலியாருடையது. அது நியாயம்தான். ஆனாலும் அந்தப் பக்கம் போனால், அந்த அம்மாவையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்க. நம்ம குழுவில் பாஸ்புக்கிலும் தீர்மான நோட்டிலும் நம்ம பெயர் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது படித்துப் பார்த்துப் போடுங்க.