கவசத்துக்கு முன் விதி

அமெரிக்கக் கால்பந்து வீரர் கெட்டியான தலைக்கவசமும் தோள்கவசமும் பூண்டு களமிறங்குகிறார். ரக்பி வீரருக்கோ பற்காப்பும், விரும்பினால் மெல்லிய தலையுறையும் மட்டுமே. ரக்பியிலிருந்து கிளைத்த ஆட்டத்துக்கு இத்தனை கவசம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடை, வால்டர் கேம்ப்பின் வாழ்க்கையில் இருக்கிறது.

1859-இல் கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்த கேம்ப், 1876-இல் யேல் கல்லூரியில் சேர்ந்து ஆட்டக்காரரானார். மருத்துவப் படிப்பைப் பாதியில் கைவிட்டுக் கடிகார நிறுவனமொன்றில் பணிபுரிந்து, அதன் தலைவராகவும் உயர்ந்தார். ஆனால், அவர் மனம் விதிக்குழுவிலேயே இருந்தது.

ரக்பியில், வீழ்த்தப்பட்டவரின் பந்துக்காக இரு அணியினரும் போட்டியிடலாம். கேம்ப்பின் முயற்சியால் 1880-இல் அந்த முறை மாறியது. பந்து ஓர் அணியின் உடைமையானது. 1882-இல் மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கஜம் முன்னேற வேண்டும் என்ற விதி வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கஜத்துக்கும் விலை ஏற்பட்டது. எதிராளியை நின்ற இடத்திலேயே நிறுத்தியாக வேண்டிய கட்டாயத்தில், பிடித்து வீழ்த்துவது மோதித் தகர்ப்பதாக மாறியது.

உயிரிழப்புகள் பெருகியபோது, முன்னாள் வீரர்களிடம் கருத்துத் திரட்டி 1894-இல் ஆட்டத்தை ஆதரித்து நூல் வெளியிட்டார் கேம்ப். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது: மாண்டவர்கள் கருத்துச் சொல்ல வருவதில்லை. 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரையும் பிறரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டே பந்தை முன்னோக்கி எறிய விதி இடமளித்தது. கேம்ப் அதைத் தயக்கத்துடனேயே ஏற்றார்.

1925 மார்ச்சில், விதிக்குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் சென்றிருந்தபோது, உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அவர் மறைவுக்குப் பின், 1939-இல் கல்லூரி ஆட்டங்களிலும் 1943-இல் தொழில்முறை ஆட்டத்திலும் தலைக்கவசம் கட்டாயமானது. மண்டையோடு காக்கப்பட்டது, ஆனால், வலி குறைந்ததால் தலையையே ஆயுதமாக்கும் துணிவும் வளர்ந்தது. ஆபத்தின் விலை குறைந்தால் மனிதர் அதை அதிகம் நாடுவர் என்பது பொருளியலின் பாலபாடம். 1976-இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டித் தாக்குவது தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டே, கழுத்து முறிந்து கைகால்கள் செயலிழந்தோரின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. கவசம் அதேதான்; மாறியது விதி.

கைகளால் அணைத்தே வீழ்த்த வேண்டும், தோளுக்கு மேல் தாக்கக்கூடாது என்கிறது ரக்பி. அங்கும் மூளைக்காயங்கள் உண்டு. முன்னாள் வீரர்கள் நீதிமன்றப் படியேறியுள்ளனர். இரு ஆட்டங்களிலும் மேலும் சிறந்த கவசத்தைத் தேடுவோர், முதலில் விதிக்குழுவின் கதவைத் தட்டட்டும். கேம்ப் ஆட்டத்தை மாற்றியதும் அங்கிருந்துதான்.