சார்லஸ் பைர்ன்: 7 அடி 7 அங்குல மனிதரின் பல் சொன்ன ரகசியம்

1782-ல் லண்டனுக்கு வந்த அயர்லாந்து இளைஞர் சார்லஸ் பைர்னைப் பார்க்க மக்கள் காசு கொடுத்தார்கள். அடுத்த வருஷமே, 22 வயதில் இறந்துபோனார். மருத்துவர்கள் கையில் உடல் சிக்கக் கூடாது, கடலில் போட்டுடணும் என்பதுதான் அவர் ஆசை. ஆனா சர்ஜன் ஜான் ஹன்டர் உடலைக் காசு கொடுத்து வாங்கி, எலும்புக்கூட்டைக் காட்சிக்கே வைத்துவிட்டார். கொடுமைதான்!

1909-ல் ஹார்வி குஷிங் மண்டையோட்டைச் சோதித்தபோது, பிட்யூட்டரி சுரப்பி இருந்த குழி பெரிதாகியிருந்தது. அங்கிருந்த கட்டிதான் வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரந்திருக்கு. 2011-ல், அவர் பல்லில் எடுத்த டிஎன்ஏவில் 'ஏஐபி' மரபணுப் பிழை தெரிந்தது. இன்றும் வடக்கு அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றில் அதே பிழை இருக்கு.

பிழை உள்ள எல்லாருக்கும் கட்டி வராது. மரபணுப் பரிசோதனையில் முன்பே தெரிந்தால், தொடர்ந்து கண்காணித்து, கட்டி சின்னதா இருக்கும்போதே ஆபரேஷன், மருந்து எனத் தொடங்கலாம்.

2023-ல் அருங்காட்சியகம் எலும்புக்கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. கடலுக்கு மட்டும் இன்னும் அனுப்பவில்லை.